கைப்பேசிக்குச் சங்கு உண்டா?

நான் பால்மரம் சீவிய காலத்தில், வேலை முடிந்ததென்று தோட்டத்தில் சங்கு ஊதும், வீடு திரும்புவோம். கைப்பேசிக்கோ சங்கே இல்லை. விரலால் தள்ளத் தள்ளப் படம் வந்துகொண்டே இருக்கிறது. மனம் அலுத்தாலும் விரல் நிற்பதில்லை.

போன மாதம் ஓர் இரவு, குளியலறையில் வழுக்கி விழுந்த என் மனைவி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். என் காதில் விழவில்லை! பக்கத்து வீட்டார்தாம் ஓடி வந்தனர். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

இந்த முடிவில்லாப் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த அஸா ராஸ்கின், பின்னாளில் தாமே அதற்காக வருந்தினார். நேர வரம்பு வைக்கும் வசதி 2018-இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வரத் தொடங்கியது. பேத்தி எனக்கு அரை மணி நேரம் வைத்துக் கொடுத்தாள். நேரமானதும் படம் நின்றுவிடுகிறது. அதுவே இப்போது என் சங்கு.

உங்கள் வீட்டிலும் இன்றே ஊதச் செய்யுங்களேன்!