வந்தாரும் இருந்தாரும்

கோயம்புத்தூரிலிருந்து கரூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், காங்கயத்தைக் கடந்து கிழக்கே செல்வார்க்கு எதிர்ப்படும் ஊர் வெள்ளகோவில். யாம் பிறந்து வளர்ந்த ஊர் அது. மலைமறைவில் அமைந்தமையால் மழை அருகிய நிலம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல் மேயும் காங்கயம் மாடுகளும், செம்மண்ணில் வரிசையாய் நிற்கும் முருங்கைகளும், எண்ணெய் ஆலைகளும் எம்மூரின் அடையாளங்கள். மழையை நம்பிப் பிழைக்கவியலாத குடிகளைக் காத்தது விசைத்தறி. நள்ளிரவில் எம் தெருவில் நின்று செவிகொடுப்பார்க்கு நாயின் குரைப்பினும் தறியின் ஓசையே பெரிதாகக் கேட்கும். கூலி பற்றிய வேலைநிறுத்தங்களை ஒதுக்கிவிட்டால், எம் சிற்றப்பாவின் தறிக்கூடத்தில் அவ்வோசை அடங்கிப்போன காலம் எமக்குத் தெரிந்து இரண்டே. ஒன்று, 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் ஊரடங்கு. மற்றொன்று, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் முதல் வாரம். இரண்டாவதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சிற்றப்பாவுக்குப் பதினாறு தறிகள். முன்னாளில் அங்கு வேலை செய்தார் அனைவரும் உள்ளூரார். அவர்தம் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றுத் தறியைத் துறந்தபின் (எம்மையும் அப்பிள்ளைகளோடு சேர்த்து எண்ணுக) தென்மாவட்டங்களினின்று ஆட்கள் வந்தனர். ஊரார் அவர்களைத் ‘தெக்கத்தியார்’ என்று விலக்கியே பேசினர். வாடகைக்கு வீடு விடத் தயங்கினர். நாளடைவில் அவர்கள் பிள்ளைகளும் படித்தனர். அதன்பின் பீகார் மாகாணத்தவர் அறுவர் வந்து சேர்ந்தனர். பாட்னாவிலிருந்து எர்ணாகுளம் செல்லும் புகைவண்டியில் ஏறி, ஏறக்குறைய இரண்டு நாள் நெருக்குண்டு கிடந்து, ஈரோட்டில் இறங்கி, பேருந்து பிடித்து வருவர். சிற்றப்பாவின் கூலிக் குறிப்பேட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. ‘பீகார் பெரியவன்’, ‘பீகார் நெட்டை’, ‘பீகார் சின்னவன்’ என்றே பற்று எழுதப்பட்டிருக்கும்.

எம் கல்லூரி ஆலயத்தில் ரூத்தின் சரித்திரம் எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அறுப்பு வயலில் கதிர் பொறுக்கும் பெண் யார் என்று போவாஸ் வினவ, வேலைக்காரன் அவளைப் பெயரிட்டுக் கூறாமல் மோவாபியப் பெண் என்று மாத்திரம் கூறுகிறான். அது எமக்கு அக்காலத்தில் ஒரு பொருட்டாகத் தோன்றியதில்லை. குறிப்பேட்டைக் கண்டபோதே தோன்றிற்று.

அறுவருள் இளையவராகிய ‘பீகார் சின்னவன்’ பாவு பிணைப்பதில் வல்லவர். ஓராண்டுக்குள் தமிழ் பேசக் கற்றார். எம்மூர்த் தமிழோ, எச்சொல்லின் இறுதியிலும் ஓர் ‘ங்க’ வைத்து மதிப்புச் செய்யும் தமிழ். அவர் அந்த ‘ங்க’வையே முதலில் கற்றுக்கொண்டு, வாயிற்படியில் படுத்திருக்கும் நாயையும் “எந்திரிங்க, போங்க” என்று எழுப்புவார். எம் ஆத்தாள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். “நம்மூட்டுப் பசங்களே மறந்துட்டாங்க, இவனாவது பேசறானே” என்பாள்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஒரு சிறு சலனப்படம் கைப்பேசிதோறும் பரவியது. திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர் பலர் கூட்டமாய்ச் சேர்ந்து, தமிழர் சிலரைத் துரத்தி அடிக்கும் காட்சி அது. பொங்கலையொட்டித் தேநீர்க்கடை அருகே புகைபிடித்தல் பற்றி எழுந்த சச்சரவே அஃது என்று காவல்துறையார் பின்னர் விளக்கினர். ஆனால் விளக்கம் நடந்து வருவதற்குள் படம் பறந்துவிட்டது. தமிழ்நாடு அயலார் கையில் போயிற்று என்பார்க்கு அது சான்றாயிற்று. வடவர் ஒவ்வொருவரும் ஒரு கட்சியின் வருங்கால வாக்கு என்று அஞ்சுவார் ஒருபுறம் எழுதினர். அஞ்சுவோரே தேசத்துரோகிகள் என்பார் மறுபுறம் எழுதினர். தேநீர்க்கடையை இருசாராரும் மறந்தனர்.

எம் குடும்பத்தார் சேர்ந்துள்ள வாட்ஸ்அப் குழுவில் அப்படத்தை இட்டவர் யாமே. இதனை எழுதக் கை கூசுகின்றது. எனினும் இதனை எழுதாவிட்டால் மற்றவற்றை எழுத எமக்கு உரிமை இல்லை. ‘வடக்கன்களை இப்போதே அடக்காவிட்டால்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றையும் உடன் எழுதினோம். படித்தவர், கல்லூரி மேடையில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொல்லிக் கைதட்டுப் பெற்றவர், அன்று எமக்கு அப்பாட்டு நினைவுக்கு வரவில்லை. குழுவில் பலர் கைகூப்பும் சின்னம் இட்டனர்.

ஆண்டுதோறும் மாசி மகாசிவராத்திரியை ஒட்டி எம்மூர் வீரக்குமாரசாமி கோயிலில் தேர்த்திருவிழா நடைபெறும். அவ்வாண்டு சிவராத்திரி பிப்ரவரி 18-இல் வந்தது. ஊருக்குச் சென்றிருந்த யாம், கடைத்தெருவின் நெரிசலில் பீகார் சின்னவரைக் கண்டோம். கையில் பொரியும் கரும்புத்துண்டும் வைத்திருந்தார். வணக்கஞ் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, “ஏனுங்ணா, அந்தப் படம் நீங்க அனுப்புனதுங்களாமா?” என்றார். எம் தம்பி தறிக்கூடத்தில் அதனைக் காட்டியிருக்கிறான் போலும். யாம் ஏதோ சொல்லி மழுப்பினோம். “அதுல நான் இல்லைங்ணா” என்றார் அவர். யாம் தேரைப் பார்ப்பவர்போல் அப்புறம் திரும்பிக்கொண்டோம்.

பதினைந்து நாள் கழியவில்லை. காற்று மாறி அடித்தது. ஹிந்தி பேசிய குற்றத்துக்காகப் பீகாரிகள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகின்றனர் என்று மார்ச்சுத் தொடக்கத்தில் வடநாடெங்கும் செய்தி பரவியது. அதற்கும் சலனப்படங்களே சான்று. அவற்றுள் ஒன்று திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் இரு கூட்டத்தாரிடை நிகழ்ந்தது. பாட்னாச் சட்டசபையில் எதிர்க்கட்சியார் கூச்சலிட்டனர். அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த மு. க. ஸ்டாலின், பீகார் முதலமைச்சராயிருந்த நிதீஷ் குமாருடன் தொலைபேசியில் உரையாடி உறுதி கூறினார். பீகார் அரசாங்கம் நால்வர் கொண்ட அதிகாரிகள் குழுவை அனுப்பிற்று. அது திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. அக்குழுவின் தலைவர் பெயர் பாலமுருகன் என்று படித்தபோது, கவலைக்கிடையிலும் எமக்கு நகை வந்தது. இறுதியில், செய்தி பொய் என்று தெளிந்தது. பொய் பரப்பினார்மீது இரு மாகாணத்துக் காவல்துறையாரும் வழக்குத் தொடுத்தனர்.

ஆயினும் எம் சிற்றப்பாவின் தறிக்கூடத்தில் ஒருநாள் விடியற்காலையில் அறுவரும் இல்லை. அறையில் பாய்களைச் சுருட்டி வைத்து, அடுப்பைத் துடைத்து, சாவியை மேடைமேல் வைத்துவிட்டுச் சென்றிருந்தனர். கூலிப் பாக்கி கேட்கவும் நில்லாமல் சென்றனர் என்பதே சிற்றப்பாவை உலுக்கிற்று. “பணத்தக் கூட வாங்காம ஒருத்தன் போறான்னா, உசுருக்குப் பயந்துட்டாண்டா” என்றார். அன்றிரவு தறிகள் ஓடவில்லை.

ஜனவரிப் படத்தில் வடவர் வேட்டையாடுவோர். மார்ச்சுப் படத்தில் தமிழர் வேட்டையாடுவோர். ஆறு வாரங்களுள் இரண்டும் நிகழ்ந்தன. முதற்படத்தை அனுப்பியவர் மார்ச்சில் ‘எம்மை இப்படிப் பழிப்பதா’ என்று வெகுண்டனர். அவ்வாறு வெகுண்டவருள் யாமும் ஒருவர். பழி எம்மேல் விழுந்தபோதுதான் பழி இன்னதென்று அறிந்தோம்.

எம் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளமையில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நூற்பாலை வேலைக்கென இப்பக்கம் வந்தவர். ஐம்பதாண்டு எம்மூரில் வாழ்ந்தும், ஊரார்க்கு அவர் ‘சிலோன்காரர்’ தாம். அவ்வாரத்தில் அவர் திண்ணையில் அமர்ந்து யாம் பேசினோம். “அங்கே என்னைக் கள்ளத்தோணி என்றான். இங்கே வந்தால் சிலோன்காரன் என்றான். நான் பிறந்த லயத்துக்குப் பேர் இருந்தது, தம்பி, அதை யாரும் கேட்கவில்லை” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. முருங்கைக்காய் விலையைப் பேசினார்.

அவர் கதை தனியொருவர் கதையன்று. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்தமிழரின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அவ்வாக்கை அஞ்சியோர் ஆட்சியில் இருந்தனர். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கிழந்தார் மலையகத்தில் பின்னர் நெடுங்காலம் தம் ஆட்களைச் சபைக்கு அனுப்பவியலவில்லை. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையோ, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-இல் செம்பாதியாய்ப் பிரித்தனர். காப்பியும் தேயிலையும் பயிரிட்ட மக்களைத் தேயிலைப் பெட்டிபோல் எண்ணியதைப் படிக்கையில் நெஞ்சு கொதிக்கின்றது. கொதிக்க வேண்டியதே. ஆனால் ‘இவர்கள் இங்கே வாக்காளராகிவிட்டால்’ என்று அன்று கொழும்பில் எழுந்த குரலும், எம் குழுவில் யாம் எழுதிய வாக்கியமும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று காண எமக்குச் சில நாள் ஆயிற்று.

பம்பாயில் 1966-இல் தோன்றிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னாட்டாரை. எழுத்தர் வேலைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் தமிழரும் கன்னடரும் மலையாளரும் பறித்தனர் என்பது குற்றச்சாட்டு. 2008-இல் அதே நகரில், அச்சேனையினின்று பிரிந்த வேறொரு கட்சியார் அடித்தது பீகாரிகளையும் உத்தரப்பிரதேசத்தாரையும். முழக்கம் அதுவே, முதுகு மட்டும் வேறு.

வெறும் நல்லெண்ணத்தால் இவ்விஷயம் தீரும் என்று யாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2016-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு விலகுவதா என்று மக்களைக் கேட்டபோது, அயலார் மிகுந்த லண்டன் மாநகர் பெரும்பான்மையாய் ‘இருப்போம்’ என்றது. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்னும் சிற்றூரோ நூற்றுக்கு 75.6 பேர் ‘விலகுவோம்’ என்று நாட்டிலேயே முதலாய் நின்றது. 2004-க்குப் பின் காய்கறி வயல்களிலும் பொதிகட்டும் சாலைகளிலும் வேலைக்காகப் போலந்து, லித்துவேனியா முதலிய தேசத்தார் சில ஆண்டுகளுக்குள் திரளாய் வந்த ஊர் அது. எத்துணைப் பேர் இருக்கின்றனர் என்பதினும், எத்துணை விரைவில் தெரு மாறிற்று என்பதே மக்களை அசைக்கும் போலும். எம் தெருவும் விரைவாகவே மாறிற்று. மருத்துவமனை வரிசையில், பேருந்தில், மளிகைக் கடையில் தாமறியாத மொழி திடீரென ஒலிக்கக் கேட்கும் முதியோரின் திகைப்பைப் பகை என்று ஏசுவதும் நியாயமன்று.

மற்றொரு குறை அதனினும் மெய்யானது. “வடக்கத்தியான் வந்ததால் கூலி ஏறவில்லை” என்று எம்மூர்த் தறிக்காரர் ஒருவர் எம்மிடம் கூறினார். அது பொய்யென்று எம்மால் சொல்லக்கூடவில்லை. சிற்றப்பா அறுவரைப் பன்னிரண்டடி அறையில் தங்கவைத்து, பன்னிரண்டு மணிநேர முறைக்கு, கூலி உயர்வு கேளாத ஆட்கள் என்பதற்காகவே அமர்த்தினார். அவரே இதனை ஒப்புவார். உள்ளூரான் வடவனை நோகிறான். வடவன் உள்ளூரானை அஞ்சுகிறான். கூலியை நிர்ணயிப்பவர் இவ்விருவர் வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். அந்தக் கூலியில் மிஞ்சியதில்தான் எமது கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பகுதி கட்டப்பட்டது. ஆகையால் சிற்றப்பாவைக் குறைகூறி யாம் தப்பிக்க வழியில்லை.

சித்திரையில் அறுவருள் நால்வர் திரும்பினர். பீகார் சின்னவரும் வந்தார். அவர் தாய் கோதுமைமாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் சுட்ட பணியாரம் ஒரு பை நிறைய அனுப்பியிருந்தாள். ஆத்தாள் அதை எள்ளடையோடு ஒப்பிட்டுக் குறை சொல்லிக்கொண்டே தின்றாள். சிற்றப்பா பாக்கிக் கூலியைக் கொடுத்து, குறிப்பேட்டை எடுத்து, முதன்முறையாக அவர் பெயரைக் கேட்டு எழுதினார்; எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருமுறை அடித்தார்.

யாம் தனித்திருந்தபோது, “ஹோலிக்காகப் போனீர்களா, அஞ்சிப் போனீர்களா?” என்று வினவினோம்.

“ரெண்டுக்குந்தானுங்ணா” என்றார். பாவு நூல்களைப் பிரித்துக் கொண்டே, சிறிது பொறுத்து, “அந்தப் படம் இன்னும் இருக்குங்களா?” என்றார்.

அழித்துவிட்டோம் என்றோம். எமது கைப்பேசியிலிருந்து அழித்தது மெய்யே. குழுவில் எம்மையன்றி நாற்பத்துமூவர் இருந்தனர். அவர்கள் யார் யார்க்கு அனுப்பினர் என்று யாம் அன்றும் கேட்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டு அறுந்த இழையைத் தேடி எடுத்துப் பிணைக்கலானார்.