தட்டின் கறுப்பு யாருடைய தோலும் அல்ல

மெஷினில் அச்சடித்தால் இதே படம் பத்து நிமிடத்தில் வந்துவிடுமே என்று காபிக் கடை நடத்தும் ஒருவர் என்னிடம் சொன்னார். சுவர் நிறைய ஜாஸ் கலைஞர்களின் முகங்கள் வேண்டும், எல்லாம் எல்.பி. இசைத்தட்டின் மேல் கையால் வரைந்து வேண்டும், விலை மட்டும் அச்சுக்கூலி அளவில் வேண்டும். அவரிடம் நான் வாதாடவில்லை. இங்கே சொல்கிறேன்.

அச்சு வரும். ஸ்டென்சில் வெட்டி வெள்ளை ஸ்ப்ரே அடித்தாலும் ஏதோ ஒன்று வரும். இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். தட்டு ஏற்கெனவே கறுப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளையை அடித்து மற்றதை அப்படியே விட்டால் கறுப்பின மனிதரின் முகம் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. தட்டின் கறுப்பு பி.வி.சி.யில் கலந்த கரியின் கறுப்பு. அதில் ரத்தம் ஓடுவதில்லை. தெலோனியஸ் மங்க்கின் நிறம் வேறு, ஜான் கோல்ட்ரேனின் நிறம் வேறு, பில்லி ஹாலிடே இருவரையும்விட வெளிர் பழுப்பு. ஸ்டென்சிலில் மூவரும் ஒரே நிறம். தொப்பியையும் தலையில் வைத்த பூவையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிழலைத் தட்டிடமே விட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். விட்டுப் பாருங்கள். மேசையில் கிடத்தி வரையும்போது சரியாக இருக்கும். சுவரில் மாட்டி விளக்கைப் போட்டதும், நடுவிலிருந்து விளிம்புவரை இரண்டு பக்கமும் ஒரு பளபளப்பு விரிந்து எழும். வட்ட வரிகள் வெளிச்சத்தை அப்படித்தான் திருப்பும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். கன்னத்து நிழல் வெள்ளியாக மின்ன, வண்ணம் பூசிய நெற்றி பக்கத்தில் மங்கிப்போகும். முகமே நெகட்டிவ் ஆகிவிடும்.

இந்தப் பளபளப்போடு பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு போகும். கூடவே வரிகளும் போகும். பிறகு அது வெறும் பிளாஸ்டிக் வட்டம், இசைத்தட்டு என்று சொல்ல அதில் என்ன மிச்சம்? மேட் வார்னிஷ் அடித்தால் கறுப்பு சாம்பலாகிறது. கடைசியில் பிடிபட்டது இது: பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரைனையும் கலந்து, மீடியத்தில் நன்றாக இளக்கி, நிழல் விழும் இடங்களில் வரியின் போக்கிலேயே தூரிகையை இழுப்பது. ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. பளபளப்பு அடங்கும், ஆனால் அடியில் வரிகள் உயிரோடு தெரியும். அப்போதுதான் நிழலுக்குள் தோல் வருகிறது. மங்க்குக்கு நீலம் கொஞ்சம் தூக்கல். பில்லிக்கு ரா சியன்னா சேரும். இளக்கம் கூடிவிட்டால் வண்ணம் பள்ளத்தில் இறங்கி வட்டமடித்துக் காதுவரை ஓடிவிடும். நேராக இறங்க வேண்டிய மூக்கின் விளிம்பு அரத்தின் பல்லாக நிற்கும். ஆகவே வரிக்குக் குறுக்கே போகும் கோட்டுக்குக் கெட்டி வண்ணம், வரியோடு போவதற்கு இளக்கம். எந்த மெஷினும் இதைப் பார்த்துப் பூசாது.

கழுவுவது, ஸ்பிரிட்டால் துடைப்பது, ப்ரைமர், இதெல்லாம் தெரிந்ததுதான். பழைய 78 ஆர்.பி.எம். தட்டில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது. அந்தத் தட்டு அரக்கு, கரைந்துவிடும். முகத்தை அமைக்கும்போது தட்டின் நடு ஓட்டை வரையும் ஆளின் கண்ணில் விழக்கூடாது.

ஆளை விட்டுவிட்டுப் புகைப்படத்தை வரைவது இன்னொரு நோய். புகைப்படக்காரர் ஹெர்மன் லியோனார்ட் 1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் எடுத்த டெக்ஸ்டர் கார்டன் படம் இருக்கிறதே, சாக்ஸபோனை மடியில் வைத்துப் புகைக்குள் உட்கார்ந்திருப்பார், அதை எத்தனையோ தட்டுகளில் பார்த்துவிட்டேன். எல்லோரும் புகையைத்தான் வரைகிறார்கள். லியோனார்ட் பின்னால் விளக்கு வைத்ததால் எழுந்து தெரிந்த புகை அது. விளக்கு எங்கே இருந்தது என்று யோசிக்காதவர் கையில் அது வெள்ளைத் திட்டாகத்தான் நிற்கும்.

லூயி ஆம்ஸ்ட்ராங் என்றால் பல்வரிசை, கைக்குட்டை, முடிந்தது வேலை. ட்ரம்பெட்டின் ஊதுவாய் வருடக்கணக்காக அழுத்தியதில் அவர் மேலுதடு காய்த்துத் தழும்பேறியிருந்தது. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த இடத்தில் இருக்கிறது. அதைப் போட்டபிறகுதான் நான் சிரிப்புக்குப் போவேன்.

டைம் இதழின் 1964 பிப்ரவரி அட்டைக்காக மங்க்கை எதிரே உட்கார வைத்து வரைந்தார் போரிஸ் ஷாலியாபின். அந்தக் கொடுப்பினை எங்களுக்கு இல்லை. இசையைக் கேட்டுத்தான் வரைய வேண்டும். யாரை வரைகிறேனோ அவர் வாசித்த தட்டு அன்று முழுக்க ஓடும். மங்க் விரல்களை மடக்காமல் நீட்டி வாசித்தவர். பியானோவில் விழும் அந்த அடியைக் கேட்டால்தான் தோளையும் கழுத்தையும் எப்படிப் போடுவது என்று கைக்குப் புரியும். என்னிடம் வேலை கற்க வந்த பையன்கள் காதில் வேறு எதையோ மாட்டிக்கொண்டு கோல்ட்ரேனை வரைகிறார்கள். சொன்னால் முகம் சுருங்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட அநியாயம், நன்றாக ஓடும் தட்டின் மேல் வரைவது. படத்துக்கு மதிப்புக் கூடும் என்று ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய பதிப்பையே கொண்டு வருகிறவர்கள் உண்டு. வரைவதற்குக் கீறல் விழுந்த தட்டே போதும். லேபிளைச் சுற்றி வரியில்லாமல் ஒரு வெற்றுப் பட்டை இருக்கும். அதை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ பொறித்திருந்தால், அது நியூ ஜெர்சியில் ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய மாஸ்டரிலிருந்து வந்தது. ப்ளூ நோட் தட்டில் பக்கத்திலேயே காது வடிவில் ஒரு சின்னக் குறியும் இருந்தால், ப்ளாஸ்டிலைட் ஆலையில் அழுத்திய பழைய பதிப்பு. அதன் மேல் தூரிகை வைக்க என்னைக் கேட்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் ஓடவிட்டுக் கேளுங்கள். ஓடாத தட்டு ஒன்றைக் கொண்டு வாருங்கள், வரைந்து தருகிறேன். கூலியில் மட்டும் பேரம் வேண்டாம்.