மொய் நோட்டு

அந்த நோட்டை முதன்முதலாகப் பார்த்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தது: “ரத்தம் ஒண்ணு”, “ராத்திரி ரெண்டு”, “ரசம் சாதம், இட்லி”, “ஆட்டோ 180.” எழுதியவர் எங்கள் நண்பரின் தாயார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பாயின் ஓரத்தில் விரிந்து கிடந்த அதை எங்களில் ஒருவர் தற்செயலாகப் படித்துவிட்டார். நட்பின் பொருட்டுச் செய்ததையெல்லாம் ஒருவர் கடனாகக் குறித்து வைத்திருக்கிறாரே என்று வருந்தினோம். அந்த வருத்தத்தில் எவ்வளவு அறியாமை இருந்தது என்பது விளங்க எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

நாங்கள் எழுவர். சென்னையில் வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுவது நெடுநாள் வழக்கம். வாசிப்பினால் வந்த உறவு என்பதால், ஒருவருக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்பது மற்றவருக்குத் தெரியும். அவர் வீட்டில் எத்தனை பேர் என்பது தெரியாது. அந்த நண்பரின் ஊர் பேராவூரணிக்குப் பக்கம் என்பதையும், 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் அவர்களுடைய தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துபோனது என்பதையும் மட்டும் அறிந்திருந்தோம். அவருடைய தந்தையை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

2022 ஆடிக் கடைசியில் அவருக்குப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வரத் தொடங்கியது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலத் திட்டுகள் கன்றின. புயலுக்குப் பின் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிய அசதி என்றே வீட்டில் நினைத்தார்கள். தஞ்சாவூரில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அன்றைக்கே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். கடுமையான மைலாய்ட் வகை இரத்தப் புற்றுநோய். ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் ஒன்பதாயிரம் இருந்தன.

செய்தி கேட்டதும் ஓடினோம் என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அந்த ஓட்டத்தால் முதல் வாரத்தில் யாருக்கும் பயன் விளையவில்லை. நாங்களும், எங்களைச் சேர்ந்தவர்களும், நண்பரின் அலுவலகத்தாருமாக ஒருநாள் மாலை பதினேழு பேர் அந்தத் தாழ்வாரத்தில் நின்றோம். உள்ளே செல்ல அனுமதி ஒருவருக்குத்தான். நாங்கள் வாங்கிப்போன பழங்களையும் பூங்கொத்தையும் செவிலியர் வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். வெள்ளணுக்கள் குறைந்த நோயாளியிடம் பச்சைப் பொருள் எதுவும் போகக்கூடாதாம். வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டோம். அவரும் ஈறில் இரத்தம் வந்த கதையை முதலிலிருந்து பதினேழு முறை சொன்னார். இரவு பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, அவர் அன்று சாப்பிடவேயில்லை என்பது தெரிந்தது.

இடுப்பு உடை நழுவும்போது கை தானாகச் சென்று பற்றிக்கொள்வதை நட்புக்கு உவமை சொன்ன குறளைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒருமுறை இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். பதினான்கு கைகளுக்கும் எதைப் பற்றுவது என்பது தெரியவில்லை என்பதே அந்த வாரம் நாங்கள் கண்ட உண்மை. கடைசியில் வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒரு தாளில் கட்டம் போட்டார். இரவுத் துணை யார், சோறு யார், இரத்தம் யார், அலுவலக வேலை யார் என்று பிரித்தார். ‘பார்க்க வருவது’ என்ற கட்டம் அதில் இல்லை.

அலுவலக வேலை என்பது காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சேர்ந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வரை கிடைக்கும். புயலுக்குப் பின் அந்தத் தோப்பின் வருமானம் அவ்வளவுகூட வரவில்லை. ஆனால் அதைச் சொல்லும் சான்றிதழ் வேண்டுமே. எங்களில் ஒருவர் நண்பருடன் ஊருக்குப் போய், கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கித் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகம் வரை மூன்று நாள் அலைந்து அட்டையோடு திரும்பினார்.

சோறு என்பது எளிதன்று. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், சூடு ஆறாமல் கொண்டுபோக வேண்டும். பச்சைச் சட்னி கூடாது, தயிர் கூடாது. மருத்துவமனைக்கு அருகில் வீடு இருந்த தோழியின் சமையலறையில் குக்கர் ஒன்று அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் கடினமானது இரத்தம். ஏழு நாள் மருந்து ஏறி முடிந்ததும், புற்றணுக்களோடு சேர்ந்து நல்ல அணுக்களும் அடியோடு விழுந்துவிடும். அவை மீண்டும் முளைக்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். பிளேட்லெட் எனும் தட்டணு ஐந்து நாளுக்கு மேல் கெடாமல் இராது. எனவே முன்கூட்டிச் சேர்த்து வைக்க வழியில்லை. கொடுப்பவரை இயந்திரத்தோடு பிணைத்து, இரத்தத்தை எடுத்து, தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பி அனுப்புவார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். உதடு மரத்து, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கால்சியம் மாத்திரை தருவார்கள். ஒரு பை ஏறினால் எண்ணிக்கை ஏறக்குறைய முப்பதாயிரம் கூடும். இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். மறுபடி தொலைபேசியை எடுப்போம். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் யாரிடம் பேசினாலும் நலம் விசாரிப்பதற்கு முன் இரத்த வகையை விசாரித்தோம்.

நோட்டைப் பார்த்தது அந்த நாட்களில்தான். எங்களில் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டார்: “நாங்க என்ன வட்டிக்கா குடுக்கிறோம்? எதுக்கும்மா இதெல்லாம் எழுதுறீங்க?” அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க பக்கம் அப்படித்தான் தம்பி. விருந்து வைக்காம வாங்குற மொய் இது. அதனால இன்னும் சரியா எழுதணும்.”

பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பதை நாங்கள் செய்தியாக மட்டும் படித்திருந்தோம். கலியாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. பணம் தேவைப்பட்டவர்கள் சிலர் சேர்ந்து பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து ஊரை அழைப்பார்கள். உண்டவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பிச் செய்துவிட்டு, மேலும் ஒரு தொகை வைப்பார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. நோட்டு மட்டும் உண்டு. நண்பரின் வீட்டு ஆழ்குழாய்க் கிணறு அப்படி வந்ததுதான் என்று அம்மா சொன்னார். நாங்கள் தலையை ஆட்டினோம். ஆயினும் மனத்துக்குள், இது கிராமத்துக் கணக்கு, நாம் செய்வது வேறு என்ற எண்ணம் போகவில்லை. நம்முடையது நட்பு, அதில் வரவு செலவு கிடையாது என்று நம்பினோம்.

முதற்கட்டச் சிகிச்சையில் நோய் அடங்கியது. செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள்; மாதக் கடைசியில் இரண்டாம் கட்ட மருந்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படியோ புகுந்திருந்தது. பட்டியலைப் புதிதாக எழுதவில்லை. பழைய தாளே நடக்கும் என்று இருந்துவிட்டோம்.

அக்டோபர் முதல் வாரம் ஆயுத பூசை விடுமுறை வந்தது. ஆளுக்கொரு ஊருக்குப் போனோம். நண்பரும் மருந்துச் செலவுக்குப் பணம் புரட்டப் பேராவூரணி போயிருந்தார். இரவுத் துணைக்கு எங்களில் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் போனார். ஒருவர் போவார் என்று மற்றவர் நினைத்தோம். ஆறு பேரும் நினைத்தோம், ஒருவரும் போகவில்லை. அன்று நள்ளிரவில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்திருக்கிறது. சீட்டைக் கையில் கொடுத்து இரத்த வங்கிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அது வேறு கட்டடம். கணவரை விட்டு நகரவும் முடியாமல், வழியும் தெரியாமல் அம்மா நின்றிருக்கிறார்.

இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நண்பரிடமும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து திரும்பிய நாங்கள் வழக்கம்போல் சோற்றுப் பாத்திரத்தோடு போனோம். வழக்கம்போல் “வாங்க தம்பி” என்றார். ஒரு வாரம் கழித்து, மருந்துச் சீட்டைத் தேடியபோது நோட்டு மறுபடி எங்கள் கைக்கு வந்தது. எங்கள் பக்கங்களில் அந்த நாட்களுக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: “பக்கத்துக் கட்டில் பையன். ராத்திரி ரெண்டு மணி. ரத்தம் வாங்கியாந்து குடுத்தது.”

பெயர் இல்லை. விவரம் கேட்டபோதுதான் நடந்ததைச் சொன்னார். அந்த இளைஞனின் தந்தையை மறுநாள் காலையிலேயே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். நாங்கள் வெட்கி நின்றோம். வரவு செலவு இல்லாதது நட்பு என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு, வராத இரவு எது என்றே தெரிந்திருக்கவில்லை. கணக்கு எழுதியவருக்குத்தான் அது தெரிந்தது. அதை அவர் எங்கள் பெயரில் பற்று எழுதவும் இல்லை. வெற்றிடமாக விட்டிருந்தார், அவ்வளவே.

அன்றே புதிய தாளில் கட்டம் போட்டோம். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பெயர், அதன் கீழே மாற்றாக இன்னொரு பெயர். அதன்பின் ஓர் இரவும் விடுபடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்ல இயலாது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

நண்பரின் தந்தை ஊர் திரும்பி ஏழு மாதங்கள் நன்றாக இருந்தார். பொங்கலுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனபோது, புதுக் கன்றுகளுக்கு நடுவே எங்களை நடத்திக் கூட்டிப்போய், இன்ன மரம் இன்ன ஆண்டில் காய்க்கும் என்று காட்டினார். 2023 கோடையில் நோய் திரும்பியது. மறுபடி அந்த மருந்து வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வைகாசியில் தம் வீட்டுக் கட்டிலில் காலமானார். காரியம் முடிந்து கிளம்பும்போது அம்மாவிடம் விடைபெற்றோம். தொடர்பு இனி நண்பரோடு மட்டுமே என்று எண்ணினோம்.

2024 மே மாதம் எங்களில் ஒருவரின் தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் அசையவில்லை, பேச்சு குழறியது. பெண்கள் பிரிவில் இரவுத் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நண்பருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, மனைவிக்குக் கைக்குழந்தை. எங்கள் தோழியர் இருவரும் மாறி மாறி இரண்டு இரவுகள் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலை, தோளில் ஒரு பை, கையில் தேங்காய் மூட்டையுமாகப் பேராவூரணி அம்மா வந்து நின்றார். மகன் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு இரவுப் பேருந்தில் கிளம்பிவிட்டிருக்கிறார். யாரும் அழைக்கவில்லை.

பதினொரு இரவுகள் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. எங்களுக்குத் தெரியாத மருத்துவமனைப் பழக்கமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தச் செவிலியரிடம் எப்போது கேட்க வேண்டும், லிஃப்ட் எப்போது காலியாக இருக்கும், வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் சொல்லித்தந்தார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். அந்த நண்பரின் பக்கத்தில் ‘ராத்திரி ஒம்போது’ என்று கூட்டியிருந்தது. அதைக் கோடிட்டு அடித்தார்.

“கணக்கு முடிஞ்சுதாம்மா?” என்று நண்பர் கேட்டார். குரல் சரியாக வரவில்லை.

“முடிஞ்சா ஆச்சா? ரெண்டு கூட வெச்சிருக்கேன்ல. அதைச் செய்ய நீங்க வரணும்ல.”

கொடுத்ததை மறப்பது எங்களுக்கு எளிதாக இருந்தது; வராததை மறப்பதும் அவ்வளவே எளிதாக இருந்தது. அவருக்கோ வாங்குவதும் ஒரு பொறுப்பு. எழுதி வைத்துக்கொண்டால்தான் நாளை எங்கள் வீட்டு வாசலில் அழைப்பின்றி வந்து நிற்க அவருக்கு ஓர் உரிமை இருக்கும். நாங்கள் கடன் என்று படித்ததை அவர் வழியாக வைத்திருந்தார்.

கடைசிப் பக்கத்து வரி மட்டும் அடிக்கப்படவில்லை. அந்தப் பையன் எந்த ஊர், அவன் தந்தை என்ன ஆனார் என்று இன்றும் எங்களிடம் கேட்கிறார். எங்களால் கண்டுபிடிக்க இயலவில்லை. எங்களில் இருவர் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் போய், யாரென்று தெரியாத நோயாளிகளுக்குத் தட்டணு கொடுத்துவிட்டு வருகிறார்கள். சென்ற முறை கொடுத்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வரியை இனி அடித்துவிடலாமே என்று கேட்டார்கள்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“அது நீங்க செஞ்சது தம்பி, ஒங்க கணக்கு. அவன் கணக்கு அப்படியேதான் இருக்கு.”