வலக்கைக்கு ஒரு விளையாட்டு

வெளிநாட்டுச் செய்திகளைப் பல்லாண்டுகள் தமிழாக்கம் செய்துவந்தவனுக்குச் சில செய்திகள் அச்சேறிய பின்னரும் மனத்தை விட்டு அகல்வதில்லை. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலிருந்து வந்த ஓர் ஆய்வுச் செய்தி அத்தகையது.

பெருமூளை வாதத்தால் ஒரு பக்கக் கை நலிவுற்ற, பதின்ம வயதினர் மூவரின் வீடுகளில் ஆய்வாளர்கள் விளையாட்டுக் கருவிகளைப் பொருத்தினர். நலிந்த கையில் உணரிகள் பதித்த கையுறை. விரல்களை மடக்கினால் திரையிலுள்ள கையும் மடக்கும். விரித்தால் அதுவும் விரிக்கும். விரலசைவுக்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டுகள் அவை. நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து விளையாட, ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தவாறே கண்காணித்தனர். சில மாதங்களின் பின்னர் பொருள்களைப் பற்றித் தூக்கும் ஆற்றல் கூடியது. முன்கை எலும்பும் வலுப்பெற்றது. மூவரை மட்டுமே கொண்ட முன்னோட்டம் என்பதையும் மறத்தலாகாது.

1860களில் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஜோன் லிற்றில் விரிவாக விளக்கியதால் நெடுங்காலம் 'லிற்றில் நோய்' என அழைக்கப்பட்டது இது. பிறப்பின்போது நேரும் இடரே காரணம் என்பது அவர் கருத்து. கருவிலேயே கோளாறு தொடங்கியிருக்கலாம் என்று 1897இல் மறுத்தெழுதியவர் சிக்மண்ட் பிராய்ட். கனவுகளுக்குப் பொருள் சொல்லப் புறப்படுமுன் அவர் நரம்பு மருத்துவராகவே அறியப்பட்டிருந்தார்.

மூளையில் ஏற்பட்ட சேதம் வளர்வதில்லை. ஆனால் பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மெல்லக் கைவிட்டு விடுகிறது; தசைகளும் இறுகுகின்றன. ஆகவே ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை, நாள்தோறும் செய்விக்க வேண்டும். எந்தப் பிள்ளை அதற்கு இணங்கும்? மெய்நிகர் சிகிச்சை என்பதன் உட்பொருள் இவ்வளவுதான்: திரையில் ஓர் உலகைக் காட்டி, அந்தச் சலிப்பை விளையாட்டாக மாற்றுவது. 2006இல் வீ, 2010இல் கினெக்ட் என உடலசைவை உணரும் கருவிகள் கடைகளுக்கு வந்தபோது, இயன்மருத்துவர் பலர் அவற்றை ஆவலோடு எடுத்துக்கொண்டமைக்கும் இதுவே காரணம்.

வவுனியாவில் வாழும் என் தங்கை மகளின் மூத்த பிள்ளைக்கு இப்போது பத்து வயது. வலக்கை விரல்கள் மடங்கியே இருக்கும். இலண்டனிலுள்ள அவளது அண்ணன் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றை 2021இல் அனுப்பிவைத்தான். மறுவருடம் மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாள்களில் அது உறங்கிக் கிடந்தது.

அண்மையில் சென்றபோது அருகிலிருந்து பார்த்தேன். திரையில் பந்து வருகிறது. கையை உயர்த்தி அடிக்க வேண்டும். பிள்ளை கையை உயர்த்தவில்லை. உடலை ஒரு பக்கம் சாய்த்தான், பந்து பட்டது, புள்ளி விழுந்தது. அடுத்த பந்துக்கு இடக்கை முந்திக்கொண்டது. அதற்கும் புள்ளி! நலமுள்ள பிள்ளைகளின் களிப்புக்காகச் செய்யப்பட்ட பெட்டிக்கு எந்தக் கை என்பது ஒரு பொருட்டல்ல. இண்டியானாவின் கையுறைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பின்னர் தாய் வந்து பின்னால் அமர்ந்தாள். இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி அவனது இடக்கையைத் தன் கைக்குள் மெல்லப் பிடித்துக்கொண்டாள். அதன் பின்னரே வலக்கை எழுந்தது. மெதுவாக, நடுக்கத்தோடு, ஆனால் எழுந்தது. பந்து விலகிப் போய்விட்டது. பிள்ளை சிரித்தான்.

"பயிற்சி எண்டால் அழுவான் மாமா. இதுக்கு மட்டும் தானாகவே வந்து நிற்பான். ஆனா நான் பக்கத்தில இல்லாட்டி எல்லாம் இடக்கைதான். அடுப்பில சோறு, சின்னவளுக்குப் பாடம், எனக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணித்தியாலம்தானே."

பிரிஸ்பேன் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்கு இணையவழி வீட்டுப் பயிற்சி 20 வாரம் வழங்கப்பட்டபோது, திட்டமிட்ட மணித்தியாலங்களில் ஏறத்தாழப் பாதியே சராசரியாக நிறைவேறியது. வசதி மிகுந்த அவுஸ்திரேலியாவிலேயே நிலை இது. 'வீட்டிலேயே சிகிச்சை' என்று நாம் தலைப்பிடுகிறோம். அந்த வீட்டில் யார் அந்த அரைமணியைக் கொடுக்கப்போகிறார் என்ற வினா செய்தியில் இடம்பெறுவதில்லை.

புதிய கருவி, தலையில் மாட்டுவது, அனுப்பட்டுமா என்று அண்ணன் கேட்டிருக்கிறான். அதன் விலையைக் கொண்டு, மாலையில் அரைமணிநேரம் பிள்ளையின் இடக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க அயலிலுள்ள பெண்பிள்ளை ஒருத்திக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம் என்று இவள் கணக்கிட்டு எழுதியிருக்கிறாள். இலண்டனிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.