மேட்டைப் பார்க்காதே

நம் பாடசாலைகளில் நெடுந்தூர ஓட்டம் எதுவாயினும் அதற்கு ‘மரதன்’ என்றுதான் பெயர். பிள்ளைகள் தெருவில் ஐந்து கிலோமீற்றர் ஓடித் திரும்பினாலும் அது மரதனே. உண்மையான மரதனின் தூரமோ 42.195 கிலோமீற்றர், ஹட்டனில் பஸ் ஏறியவர் நுவரெலியாவை நெருங்கும் தூரம். 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 40 கிலோமீற்றராக இருந்த இவ்வோட்டம், 1908 ஆம் ஆண்டு இலண்டனில் இன்றைய அளவை எட்டியது. 1921 இல் அதுவே நிலையான அளவாயிற்று. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984 இல்தான்.

அந்தத் தூரத்தை ஒருமுறையேனும் கொழும்பு வீதிகளில் ஓடி முடிப்பதென்று நான் தீர்மானித்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. திக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. இரு பிள்ளைகளின் தாய். பதக்க ஆசை எதுவுமில்லை. இரத்தத்தில் சீனி ஏறத் தொடங்கியிருக்கிறது என்று கூறிய வைத்தியர், நாள்தோறும் நடக்கச் சொன்னார். சில மாதங்களில் நடை ஓட்டமாக மாறிற்று; ஓட்டம் ஓர் ஆசையாக வளர்ந்தது.

தோட்டத்துத் தெருவில் ஒரு பெண் காரணமின்றி ஓடுவது வழக்கத்தில் இல்லாத காட்சி. “என்னங்க டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?” என்று மலைக்குப் போகும் பெண்கள் மெய்யான கவலையுடனேயே கேட்டனர். என் அம்மாவின் கேள்வி அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்துத் தேய்ந்த முழங்கால்களுடன் அடுப்படியில் அமர்ந்திருந்த அவர், “நாங்க வவுத்துக்காக மலை ஏறினோம். நீ எதுக்கு ஏறுற?” என்றார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

பயிற்சியின் முறை கடினமானதன்று; பொறுமைதான் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் சிறிய ஓட்டம். ஞாயிறன்று நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாக முப்பது கிலோமீற்றர் வரை உயர்த்த வேண்டும். பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே போதுமானது. உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து முப்பதாவது கிலோமீற்றர் அளவில் தீர்ந்துவிடக்கூடும் என்பதால், இடையிடையே உண்ணவும் பழக வேண்டும். என் இடுப்புப் பையில் வாழைப்பழமும், சீனியும் உப்பும் கலந்த நீரும் இருக்கும்.

நம் மலைநாடு ஓடுபவருக்கு நல்ல ஆசான். ஆயினும் கண்டிப்பான ஆசான். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் குறையை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. நெடுந்தூர வீரர்கள் உயரமான இடங்களைத் தேடிப் பயிற்சி பெறுவது இதனாலேயே. ஆனால் கொழும்பின் வெப்பத்தையும் புழுக்கத்தையும் நம் குளிர் கற்றுத் தராது. ஆகவே அங்கே தொடக்கத்தில் இன்னும் மெதுவாக ஓட வேண்டும். மற்றொன்று: மேடு மூச்சை வாங்கும்; இறக்கமோ தொடைகளை வாங்கும். இறங்கும்போது தசைகள் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவதால், வலி இரண்டு நாள் கழித்தும் நீங்காது.

மேடேறும் வித்தையை எனக்குக் கற்பித்தது எந்தப் புத்தகமுமன்று. நான் மூச்சிரைக்க ஏறி வந்ததை ஒருநாள் வாசலிலிருந்து பார்த்த அம்மா, “மேட்டப் பாக்காத புள்ள. அடுத்த அடியப் பாரு. எட்டி வைக்காத, கிட்டக் கிட்ட வையி” என்றார். முதுகில் கூடையுடன் வழுக்கும் பாதையில் ஏறியவரின் அறிவு அது. மறுநாள் அவ்வாறே ஏறினேன். மேடு பாதியாகக் குறைந்தாற்போல் இருந்தது. 1896 இல் அந்த முதல் மரதனை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்ற கிரேக்க எளியவர் என்பதை அம்மாவிடம் சொன்னேன். “பின்ன? செமந்தவனுக்குத்தானே தெரியும்” என்றார், வியப்பேதுமின்றி.

உண்மையில் நெடுந்தூரம் நம்மவர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் தலைமன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். இருநூறாண்டு நினைவாக 2023 ஆம் ஆண்டு அதே வழியில் மக்கள் மீண்டும் நடந்தனர். நம் கால்களுக்கு வலிமை குறைவு என்று எவரும் கூற முடியாது. நமக்கு, சிறப்பாக நம் பெண்களுக்கு, இல்லாதிருந்தது வேறொன்று: தமக்கென ஒரு மணி நேரம். விடியுமுன் அடுப்பு, பிறகு பிள்ளைகள், பிறகு மலை, மாலையில் மீண்டும் அடுப்பு. அந்தக் கால்கள் ஒருநாளும் தமக்காக நடந்ததில்லை.

இதனை நான் உணர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். சின்னவனுக்குக் காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் விருந்தினர் வேறு. இருபத்தாறு கிலோமீற்றர் ஓட வேண்டிய அன்று, சப்பாத்தை மூலையில் வைத்துவிட்டு ரொட்டிக்கு மா பிசைய அமர்ந்தேன். அம்மா மெல்ல எழுந்து வந்து பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீ போயிட்டு வா. எனக்கு அப்பிடி ஒரு நேரத்த யாருந் தரல. நான் ஒனக்குத் தாறேன்.”

அன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் பனிமூட்டத்தில் ஓடியபோது, அவருடைய பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. ஆறு மணி நேரம் ஆனாலும் நடந்தேனும் முடிப்பேன் என்றே எண்ணுகிறேன். முடியாது போயினும் மறுவாரம் ஓடுவேன். இப்போது என் வகுப்பு மாணவிகள் இருவர் சனிக்கிழமைகளில் பாலம் வரை என்னுடன் வருகிறார்கள். அவர்களுடைய தாய்மார் முதலில் தயங்கினர்; பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தண்ணீர்க் குடத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர்.