கொத்தமங்கலத்தில் ஒரு நண்பகல்

சென்ற மாசித் திங்களிற் காரைக்குடியில் அன்பர் சிலர் கூடி நடாத்திய திருமுறை முற்றோதலுக்கு யானும் சென்றிருந்தேன். மூன்றாம் நாள் ஓதுதல் பிற்பகலிற்றான் தொடங்கும் என்றறிந்து, அன்று காலை கொத்தமங்கலத்துக்குப் பேருந்து ஏறினேன். தருமை ஆதீனத்துத் தமிழ்க் கல்லூரியில் 1977ஆம் ஆண்டு முதல் என்னுடன் ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்ற நண்பர் ஒருவர் அவ்வூரில் உளர். அவரை யான் கண்டு 36 ஆண்டுகள் ஆயின. காணாமைக்குக் காரணம் ஊர்த் தொலைவன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கொத்தமங்கலம் நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள் கொண்டு எடுத்த பெருமனைகள் அப்பகுதியெங்கும் நிற்கின்றன; அவற்றுட் பல இன்று பூட்டிக் கிடப்பன. நண்பர் இல்லம் திறந்திருந்தது. முகப்பைக் கடந்து வளவினுள் அடியெடுத்து வைத்தேன். தூணருகில் அமர்ந்து ஏதோ நூல் படித்திருந்தவர், கண்ணாடியைக் கழற்றி நோக்கி, எழுந்து, "வாருங்கள்" என்றார்.

கல்லூரி நாட்களில் நாங்கள் 'நீ', 'வா' என்றே பேசுவோம். இருவருக்கும் மாபாடியப் பிரதி ஒன்றே. ஒருவர் மடிமேல் அது கிடக்க, மற்றவர் தோள்வழியே எட்டிப் படிப்போம். நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு மரியாதைப் பன்மை இத்துணைச் சுடும் என்பது அன்றுதான் தெரிந்தது. யானும் "நலமாக இருக்கின்றீர்களா?" என்றேன்.

மழையைப் பற்றிப் பேசினோம். ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினோம். உடன் பயின்றாருள் இறந்தார் யாவர், இருப்பார் யாவர் என்று எண்ணினோம். அவர் துணைவியாராகிய ஆச்சியார் வெளியே வரவில்லை. வினவியபோது, "உள்ளே சற்று அயர்ந்திருக்கிறாள். முதலில் உண்ணுங்கள்" என்றார். என் நெஞ்சு குறுகுறுத்தது. என் முகத்தில் விழிக்க அவ்வம்மையார்க்கு மனமில்லை போலும் என்று கருதினேன். அங்ஙனம் கருதுதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

இலை போட்டார்கள். வெண்டைக்காய் மண்டியும், பருப்பும், பொரியலும் சுவையாகவே இருந்தன. நண்பர் மகள் பரிமாறினாள். எனக்கு ஒரு பாத்திரத்தினின்றும், தந்தையார்க்கு வேறொரு பாத்திரத்தினின்றும் அவள் படைத்ததைக் கண்டேன். அவர் இலையருகே தண்ணீரும் இல்லை. மகள் சிறிது உப்புக் கொண்டுவந்து, "அப்பச்சி, இன்றைக்கு மட்டும்" என்று தாழ்ந்த குரலிற் சொல்ல, அவர் தலையசைத்து மறுத்தார். பண்டிதனாயினும் எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

கைகழுவிய பின்னரே சொன்னார். ஆச்சியார்க்குச் சிறுநீரகம் இரண்டும் செயலற்று ஓராண்டாகிறதாம். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், பொறியின் வழியே குருதியைச் செலுத்தித் தூய்மை செய்கின்றார்களாம், டயாலிசிஸ் என்பர். நீரை வெளியேற்றும் உறுப்பு ஓய்ந்தமையால், பருகும் நீரெல்லாம் உடம்பிலே தங்கி மூச்சையும் இருதயத்தையும் நெருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு அவர் பருகத் தக்கது முக்கால் லிட்டரே. உப்பு விடாயை மிகுவிக்கும் ஆதலின் அதுவும் அளவே. "அவள் காண நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை" என்றார். உப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தெரிந்தால் நீங்கள் உண்ணமாட்டீர்கள், இலை எடுத்த பிறகு சொல்லுங்கள் என்று அவள்தான் சொன்னாள்."

சைவ அன்பர்கட்கு இவ்விடத்து எது நினைவில் எழும் என்று யான் எழுத வேண்டுவதில்லை. திங்களூரில் அப்பூதியடிகளார் மனையில், வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி மாய்ந்ததனைப் பெற்றோர் மறைத்து, அப்பர் பெருமான் அமுது செய்ய முயன்ற வரலாற்றினை எத்துணை ஆண்டுகள் மாணாக்கர்க்குப் பாடம் சொன்னேன்! அக்காலமெல்லாம் அடிகளாரையும் அவர்தம் மனைவியாரையும் பாடினேனே அன்றி, ஒன்றும் அறியாது அமரும் விருந்தினன் இடத்தில் என்னை வைத்து எண்ணிற்றிலேன். அப்பர்க்கோ மகனைக் காணாமை உள்ளத்திற் பட்டது. எனக்குப் பட்டது என்மேல் அவர்க்குச் சினம் என்பதொன்றே.

இனிப் பழைய செய்தியைச் சொல்லிவிடுகின்றேன். 1988ஆம் ஆண்டில் ஓரூர்ச் சபையில் நண்பர் திருநீலகண்டப் பதிகம் பற்றிப் பேசினார். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, ஞானசம்பந்தப் பிள்ளையார் 'இது வினை, இந்நாட்டின் இயல்பு' என்று வாளா விடாது பதிகம் பாடி நீக்கியருளினார். ஆதலின் நோய்க்குத் தீர்வு தேடுதலும் சிவநெறியே என்பது அவர் கூற்று. யான் எழுந்து, உடலூழ் உடலோடு கழிதற்பாலது என்பதற்கு நூல்களை அடுக்கிக் காட்டி, "தீர்வு தேடுவதாயின் வினைக்கோட்பாடு யாதாயிற்று?" என்று வினவினேன். சபை கைதட்டியது. அவர் விடை கூறாது அமர்ந்தார்.

அன்று அவர்தம் தலைமகன், நான்கு வயதுக் குழந்தை, மதுரையில் மருத்துவமனையிற் கிடந்தான். ஒப்புக்கொண்ட பேச்சாதலின் வந்து பேசிப் போயிருக்கின்றார். குழந்தை இறந்த செய்தி சில திங்கள் கழித்தே எனக்கு எட்டிற்று. மும்முறை கடிதம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். மாணாக்கப் பருவத்தில் அவரும் யானும் கார்த்திகைதோறும் புள்ளிருக்குவேளூர்க்கு நடந்து செல்வோம். அங்கு இறைவன் வைத்தியநாதன் என்னும் பெயரோடன்றோ வீற்றிருக்கின்றான்! சபையில் அத்துணை நூல்கள் நாவில் வந்த எனக்கு அப்பெயர் வந்திலது. மருந்தும் அவன் கூட்டவே கூடுவது என்று சொல்ல மாபாடியமும் வேண்டுவதில்லை.

"அன்று சபையிலே..." என்று தொடங்கினேன். நண்பர், "அவள் விழித்திருப்பாள், வாருங்கள்" என்று எழுந்துவிட்டார்.

அறையில் ஆச்சியார் தலையணை சாய்ந்து அமர்ந்திருந்தார். புதுமணப் பெண்ணாக ஒருமுறை எனக்கு அமுது படைத்தவர். முகம் வீங்கி, கை மெலிந்து, அடையாளம் தெரியாதிருந்தார். என்னை நோக்கிக் கைகூப்பி, மகளிடம், "ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாயா? வெயிலில் வந்திருக்கிறார்கள்" என்றார். மகள் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அதனை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். "குடியுங்கள், குடிப்பதைப் பார்த்தாலே எனக்குக் குளிரும்" என்றார் ஆச்சியார். குடித்தேன்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஆச்சியார் கணவரைப் பார்த்து, "அந்தப் பதிகத்தை ஓதச் சொல்லுங்களேன்" என்றார். எந்தப் பதிகம் என்று யான் கேட்கவில்லை. நண்பர் நாள்தோறும் மாலையில் அதனை அவர்க்கு ஓதுகின்றார் என்பது கட்டிலருகிற் கிடந்த ஏட்டினால் விளங்கிற்று.

"தாங்களே ஓதலாமே" என்றேன்.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நீ ஓது" என்றார் நண்பர்.

வியாழக்குறிஞ்சியில் எடுத்தேன். இரண்டாம் பாட்டிற் குரல் நடுங்கியபோது அவரும் உடன் சேர்ந்துகொண்டார். முற்றோதலுக்கு அன்று யான் காலந்தாழ்த்தே போய்ச் சேர்ந்தேன்.