ஓரடி பின்வாங்கிய தலைவன்

ஊடகத்துறையில் படித்த காலத்தில், விரிவுரையாளர் ஒருநாள் எங்களுக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டுக் காட்டினார். 1936இல் ஃபெர்னாண்டோ தெ ஃபுவெந்தெஸ் ஸ்பானிய மொழியில் இயக்கிய மெக்சிகோ படம். 'பாஞ்சோ வியாவோடு புறப்படுவோம்' என்பது பெயரின் பொருள். பின்வரிசையில் உட்கார்ந்து பாதி தூக்கத்தில் பார்த்தேன். போன மாதம் ஓர் இரவு வேலை முடிந்து வந்து மீண்டும் பார்த்தபோது தூக்கம் வரவில்லை.

1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சிதான் களம். ஆறு கிராமத்து நண்பர்கள் வியாவின் படையில் சேர்கிறார்கள். அவரை நாம் முதலில் பார்ப்பது ரயில் பெட்டியில். சுற்றி நிற்கும் ஏழைகளுக்குச் சோளம் அள்ளிக் கொடுக்கிறார். இப்படி ஒரு தலைவனுக்காக உயிரையே கொடுக்கலாம் என்று நமக்கும் தோன்றும்.

உயிர்கள் போகவும் செய்கின்றன. சில சாவுகள் வீரமானவை, சில அர்த்தமே இல்லாதவை. மதுக்கடையில் ஒரு மேசையைச் சுற்றிப் பதின்மூன்று பேர் உட்கார்ந்திருப்பது அபசகுனம் என்று, இருட்டில் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். குண்டு ஒருவர் வயிற்றில் பாய்கிறது. அந்தக் கடையில் பியானோ வாசிப்பவர், படத்தின் இசையமைப்பாளர் சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸ்.

கடைசியில் மிஞ்சுவது இருவர். இளையவனுக்கு அம்மை கண்டுவிடுகிறது. தொற்று பரவாமலிருக்க அவனை எரித்துவிடு என்று மூத்தவரான திபுர்சியோவுக்கு உத்தரவு வருகிறது. மகனைப் போன்றவனை அவரே எரிக்கிறார். அங்கே வரும் வியா, அம்மை என்று கேட்டதும் பின்வாங்குகிறார். தூர நின்றே, நீ எங்களோடு வர வேண்டாம் என்கிறார். திபுர்சியோ தண்டவாளத்தின் வழியே இருட்டில் தனியாக நடந்து போகிறார்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மாமா நினைவுக்கு வந்தார்.

அப்பா இரவு வேலைக்குப் போகும் நாள்களில், டியூஷன் முடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்தவர் அவர். 2021இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், அவருக்குக் கோவிட் தொற்றியது. அம்மா கொடுத்த கஞ்சியை அவர் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, குரல்கூடக் கொடுக்காமல் திரும்பினேன். பத்து நாளும் அப்படித்தான். தொலைபேசியிலும் கூப்பிடவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயமாகவும் இருந்தது.

அதே நாள்களில் தினமும் காலையில் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, "தைரியமா இருங்க, உங்களோட நாங்க இருக்கோம்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தள்ளி நின்றது தப்பில்லை. அம்மைக்கு வியா தள்ளி நின்றதும் தப்பில்லைதான். ஆனால் கூட்டத்துக்கு அள்ளிக் கொடுக்க முடிந்த மனிதருக்கு, தன்னை நம்பி வந்த ஒருவரிடம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

இந்தப் படத்துக்கு இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதில் வியா பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார். மனைவி, மகளை விட்டு எப்படி வருவது என்று திபுர்சியோ தயங்க, அவர்கள் இருவரையும் கொல்கிறார். திரையரங்குக்கு வந்த பிரதியில் அது இல்லை. படம் அப்போது வசூலில் தோற்றது. 1994இல் 'சோமோஸ்' இதழ் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த மெக்சிகோ படங்களில் இதற்கே முதலிடம்.

மறுநாள் மாலை மாமா வீட்டுக்குப் போனேன். தேநீர் ஆறும்வரை சுற்றி வளைத்து, கடைசியில், "அப்போ நான் ஒரு போன்கூட பண்ணல மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். "அதனால என்னம்மா? தினமும் காலையில ரேடியோவில உன் குரலைக் கேட்டுக்கிட்டுத்தானே கிடந்தேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.